ஊடலை டின்னில் அடைக்க முடியாது

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எப்படித் தெரியும் என்றால், நேற்று உங்கள் போட்டோவைப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். நம் கடையின் பியர்த் தொட்டிகள் மூன்றில் மூத்தவனும் நடுவனும் ஒழுங்காக இருக்கிறார்கள். கடைக்குட்டி மட்டும் வழக்கம்போல அடிக்குழாயில் கசிகிறான். ரப்பர் வளையத்தை மாற்றிப் பார்த்தேன், துணி சுற்றிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். நீங்கள் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நின்றுவிடும். எந்த இடத்தில் தட்டுவீர்கள் என்று அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன். தரையைக் கழுவும்போது உங்கள் ரப்பர் பூட்ஸைத்தான் போட்டுக்கொள்கிறேன். எனக்கு இரண்டு அளவு பெரிது. நுனியில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று அக்கா சொல்கிறாள். வாங்கலாம்தான்.

இந்த மாதக் கோதுமை பியர் கொஞ்சம் தண்ணீராக வந்துவிட்டது. குடிப்பவர்கள் குறை சொல்வதில்லை. 'நல்லாத்தான்மா இருக்கு' என்கிறார்கள். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இருந்தபோது இதே ஆட்கள் உங்கள் முகத்துக்கு நேராகவே 'என்ன சார், சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு' என்று சொன்னவர்கள். என்னிடம் மட்டும் எல்லாருக்கும் இரக்கம் பொத்துக்கொண்டு வருகிறது.

இப்போது போட்டோ விஷயம். நேற்று சனிக்கிழமை. நான்கு மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. அதிலும் நுரை, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், கையில் கிரீஸோடு ஓடி வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வைத்த பாவம் உங்களுடையது. இன்னும் சட்டைப்பையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளாஸிலும் நுரையின் உயரத்தை அளந்துகொண்டுதான் இருக்கிறார். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் மனிதர் செய்யும் முதல் வேலை, போனில் பியர் உலகச் செய்தி படிப்பது. எந்த ஊரில் யார் புதிதாகத் தொட்டி வைத்தார்கள், எந்தச் சின்னக் கடையைப் பெரிய கம்பெனி விழுங்கியது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நேற்று அந்தப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, 'இது யாருன்னு பாருங்கம்மா' என்றார்.

நீங்கள்தான். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, பின்னால் மூன்று மாடி உயரத் தொட்டிகள். உங்கள் கம்பெனி புதிதாக ஒரு கறுப்புப் புளிப்பு பியர் விடுகிறதாம். பெயர் 'நள்ளிரவு'. டின்னில் அடைத்து நாற்பது நகரங்களில் விற்கப்போகிறார்களாம். அதை உருவாக்கியவர், தன் சொந்த ஊரில் சின்னக் கடை வைத்திருந்தபோது செய்த ஒரு பியரிலிருந்து இது பிறந்தது என்று சொன்னாராம்.

வைத்திருந்தபோது என்று போட்டிருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். அந்த நிருபர் எழுதியதாகவும் இருக்கலாம். நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு நேரமில்லாமலும் போயிருக்கலாம்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தீப்பிடித்தது. நம்மிடம் கறுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும் பியர் ஒன்றே ஒன்றுதான், ஊடல். நீங்கள் போனதிலிருந்து ஊடலின் குழாயின்மேல் கிளாஸைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு மாதமாக இவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கவிழ்த்த கிளாஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, வேறு எதையாவது குடித்துவிட்டுப் போகிறவர்கள். அவர் வந்ததும் போடுவார் என்று காத்திருப்பவர்கள். 'வித்துட்டாரு, ஊடலையே வித்துட்டாரு' என்று நுரை தலையில் கை வைத்துக்கொண்டார். பல் டாக்டரம்மா, அதிர்ந்து பேசாத பெண், 'அதெப்படி ஊடலைப் போய் டின்ல அடைப்பாங்க?' என்று மேசையைத் தட்டினார். தபால்காரர் ஒருவர்தான் உங்கள் பக்கம். 'ஆளை நேர்ல கேட்காம தீர்ப்பு சொல்லக் கூடாது' என்றார். அவரிடம் யாரும் அதற்கப்புறம் கடலைத் தட்டைக்கூட நகர்த்தவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள் போல. நான் மூத்தவனின் சூடு பார்க்க உள்ளே போய்விட்டேன். பார்க்க வேண்டிய நேரம் அது இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். போட்டோவில் கோட்டுக்கு உள்ளே ஒரு நீலச் சட்டை தெரிகிறது. அது நான் வாங்கித் தந்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்துப் பக்கம் இளைத்திருக்கிறீர்கள்.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த விஷயத்துக்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. இன்னும் மூன்று வருடம் என்பது எழுதுவதற்குச் சின்ன வார்த்தை. யோசிக்கிறேன். அதற்குள் இந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை என்று ஒரு வரி எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் தலை துவட்டாமல் வெளியே போகாதீர்கள்.

என்றும் உங்கள்,
கடையில் இருப்பவள்


பிப்ரவரி 19

வணக்கம்.

நேற்று போனில் பேசியதும் பேசாததும் சேர்த்து இந்தக் கடிதம். நமக்குப் போனில் பேச வராது. கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம்தான் அது.

நான் கேட்டேன். 'அதைப் பத்தி வெளில பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க' என்றீர்கள். வெளியில் என்றால் நானும் அதில் சேர்த்தியா என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. நீங்கள் சாப்பிட்டதாகச் சொன்னதையும் நான் நம்பவில்லை. நான்கு நிமிடம் பேசினோம்.

இங்கே நிலைமை இதுதான். கல்லாவுக்கு மேலே நீங்கள் குழாயும் கையுமாக நிற்கும் படத்தை நுரை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். சாயங்காலம் நான் நேராகத் திருப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி திருப்பினார். நான் மறுபடி நேராக்கினேன். முந்தாநாள் அவர் திருப்பியதை நான் அப்படியே விட்டுவிட்டேன். பின்பக்க அட்டையில் நிறையத் தூசி இருக்கிறது.

சாக்பீஸ் பலகையில் 'இங்கே நள்ளிரவு விற்கப்படாது, பேசப்படாது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேசப்படாது என்று எழுதிவிட்டு இரண்டு மணி நேரம் அதையேதான் பேசினார்கள். உங்கள் கம்பெனி அந்தச் செய்திக்குக் கீழே கருத்துப் போட இடம் விட்டிருக்கிறதே, அதில் நம் கூட்டம் மட்டும் இருபத்தேழு போட்டிருக்கிறது. ஒன்றையும் படிக்காதீர்கள். நுரை எழுதியதை மட்டும் கட்டாயம் படிக்காதீர்கள்.

அவர் என்ன சொன்னார் என்று நேற்று ராத்திரியே கடைக்கு வந்து எல்லாரும் என்னைக் கேட்டார்கள். மீட்டிங்கில் இருந்தார், சரியாகப் பேச முடியவில்லை என்று பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டிங் என்று பல் டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் கோபம் வேறு, என் கோபம் வேறு. அவர்களுக்கு ஒரு பியர் போய்விட்டது. எனக்கு என்ன போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஒருவேளை அந்த உயரமான தொட்டிகளுக்கு நடுவில் மறந்திருக்கலாம்.

அன்று கடையில் ஏழு பேர் இருந்தார்கள். 'இவளுக்குக் கண்ணு இருக்கு, காது இருக்கு, நாக்கு மட்டும் கெடையாது' என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கண்ணாடிக் கடையில் பதினொரு வருடம் லென்ஸ் தேய்த்தவள்தானே, இவளுக்கு ருசி எங்கே தெரியும் என்று எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பெரிய அண்டாவில் பொடித்த பார்லி மால்ட் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வடித்துக் கொதிக்க வைத்திருக்க வேண்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். பைகூட எடுத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் இன்னொரு சாவி இருந்தது. நீங்கள் வடித்திருப்பீர்கள் என்று நான் நினைத்தேன். அவளே வந்து வடிக்கட்டும் என்று நீங்கள் வீட்டில் கவிழ்ந்து படுத்துக்கொண்டீர்கள். இரண்டு நாள். நம் கட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அந்த அண்டா பாவம் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் திட்டத் தயாராக வந்தேன். நீங்கள் அப்போதுதான் மூடியைத் திறந்துவிட்டுக் கையில் கரண்டியோடு நின்றீர்கள். ஈரக் கம்பளி வாடையும் புளித்த வாடையும் கடை முழுக்க. கொட்டிவிடத்தான் போனீர்கள். போகிற வழியில் என்ன தோன்றியதோ, கரண்டியில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். 'நாக்கு இல்லைன்னு சொன்னேனே, நீயே சொல்லு' என்றீர்கள். நான் குடித்துப் பார்த்துக் கொதிக்க வையுங்கள் என்றேன். அவ்வளவுதான் ஊடலின் பிறப்பு. பெயர் வைத்தது மட்டும் நீங்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி செய்தோம். எது அதற்கு அந்த ருசியைக் கொடுத்தது என்று தெரியாததால் எதையும் மாற்ற நமக்குத் தைரியம் வரவில்லை. அதே கம்பளி. அதே இரண்டு நாள். சண்டையே இல்லாவிட்டாலும் நான் அக்கா வீட்டுக்குப் போயாக வேண்டும். போன் கூடாது. 'என்னடி, பியர் போட்டாச்சா?' என்று சிரித்துக்கொண்டே அக்கா கதவைத் திறப்பாள். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறப்பது நீங்கள். முதல் கரண்டி எனக்கு. படித்த மனிதர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாற்பத்தொரு தடவை செய்தோம், நாற்பத்தொரு தடவையும் சரியாக வந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு நாளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டீர்களா?

வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, என் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள், அதில் புளித்தது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவர்கள் அதை நோட்டில் எழுதியிருப்பார்கள். இதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அது பியர் செய்யும் முறை மட்டும் இல்லை.

பல் டாக்டரம்மா ஏதோ மாநாட்டுக்காக மார்ச்சில் உங்கள் ஊருக்கு வருகிறார். கம்பெனி வாசலில் போய் உங்களைப் பார்த்துக் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அந்த டின் கிடைத்தால் மட்டும் வாங்கி வாருங்கள் என்றேன்.

மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாமா, நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாக்கு இல்லாதவள்


மார்ச் 17

என் அன்புக்குரியவருக்கு,

போன கடிதம் கையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். கிழிக்க மாட்டீர்கள், தெரியும். ரொட்டி டப்பாவில் வைத்திருப்பீர்கள். சரி, இருக்கட்டும்.

நேற்று டின் வந்தது. இரண்டு டின். பல் டாக்டரம்மா காலுறைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்று நசுங்கியிருந்தது. நள்ளிரவு என்று பெயர் போட்டு, கறுப்பில் வெள்ளிக் கோடு, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நம் கூட்டம் முழுக்க ஆஜர். எழவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேருக்கும் வர வேண்டுமே என்று மருந்து ஊற்றுகிற மாதிரி சின்னச் சின்ன கிளாஸில் ஊற்றினேன்.

நுரை ஸ்கேலை எடுத்து அளந்தார். நல்ல நுரை. அடர்த்தியாக நின்றது. மனிதருக்கு அதில் குறை சொல்ல முடியாமல் வயிறு எரிந்தது. தபால்காரர் மோந்து பார்த்துவிட்டு 'காபி வாசனை வருது' என்றார். யாரும் குடிக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாய் என்னுடையது என்று கடையில் ஒரு வழக்கம் இருக்கிறதே, கோபத்திலும் அதை மட்டும் அவர்கள் மறக்கவில்லை.

குடித்தேன்.

வறுத்த மால்ட், காபி, கொஞ்சம் கருகிய ரொட்டி ஓரம். எல்லாம் சரி. அப்புறம் புளிப்பு வந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி பளிச்சென்று வந்து, விழுங்கியதும் போய்விட்டது. நான் காத்திருந்தேன். நம் ஊடலில் புளிப்பு தாமதமாகத்தானே வரும். விழுங்கி முடித்து, கிளாஸைக் கீழே வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்த பிறகு காதுக்குக் கீழே மெதுவாக ஏறும், கூடவே அந்த ஈரக் கம்பளி வாடை. இன்னொரு வாய் குடித்தேன். மறுபடி காத்திருந்தேன். வரவில்லை. வரவே இல்லை.

பாட்டிலில் வாங்கிய அமிலத்தைக் கடைசியில் அளந்து ஊற்றியிருக்கிறீர்கள். இல்லையா? ஒரு மணி நேரம் ஊறவைத்து, புத்தகத்தில் போட்டபடி வடித்து, கொதிக்க வைத்து, ஒரு தப்பும் செய்யாமல் செய்த பியர் அது. அதில் யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் அவர்களுக்கு உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், நம்முடையதைக் கொடுக்கவில்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவ்வளவு மோசமா என்று பல் டாக்டரம்மா பயந்துபோய் என் முதுகைத் தடவினார். அவர் கொடுக்கவில்லை, அவர் கொடுக்கவே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் குடித்துப் பார்த்தார்கள். குடித்துவிட்டு அவர்களும் காத்திருந்தார்கள். பதினான்கு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து, வராத ஒன்றுக்காகக் காத்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நுரைதான் முதலில் வாய் திறந்தார். 'அப்ப இது ஊடல் இல்ல' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'நல்ல பியர்தான், ஆனா ஊடல் இல்ல' என்றார். அவர் வாயிலிருந்து அந்த 'தான்' உங்களுக்கும் கிடைத்துவிட்டது. எனக்குத் துணையாயிற்று. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்து, உங்கள் படத்தை நேராக மாட்டினார். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இருபத்தேழில் அவர் போட்ட பத்தொன்பதையும் ராத்திரிக்குள் எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். தபால்காரர் 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்பதை நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

நாக்கு இல்லாதவள் என்று நீங்கள் சொன்னவளுக்கு, நீங்கள் வாயைத் திறந்து சொல்லக் கூடாததை உங்கள் பியர் சொல்லிவிட்டது. எழுதி வாங்கிக்கொண்டவர்களால் இதைத் தடுக்க முடியவில்லை பாருங்கள். சந்தேகப்பட்டது என் தப்பு. மன்னித்துவிடுங்கள். ஒரு தடவைதான் எழுதுவேன், மறுபடி கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், போடாவிட்டால் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமையோடு அங்கே உங்கள் வேலை முடிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் எப்படியும் அதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். நாளைக் காலையில் தபால்காரர் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போகட்டுமா என்று நீங்கள் கேட்டபோது போங்கள் என்று சொன்னவள் நான்தான். பெட்டியைக்கூட நான்தான் அடுக்கினேன். போகாதீர்கள் என்று சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். ஆனால் நம் மூன்று தொட்டியையும் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று மாடித் தொட்டிகளை நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பயந்தேன். அதனால் தைரியசாலி மாதிரி கையை ஆட்டி அனுப்பினேன். பஸ் திரும்பியதும் கடைக்கு வந்து, உங்கள் பூட்ஸ் இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதை உங்களிடம் சொன்னதில்லை.

இருபத்து மூன்று மாதமாக நான் ஏன் ஊடல் போடவில்லை என்று கூட்டம் கேட்கிறது. செய்முறை எனக்கும் தெரியும். மால்ட் இருக்கிறது, அண்டா இருக்கிறது, கம்பளியும் அப்படியே இருக்கிறது. ஒரு தடவை போடலாம் என்று போன வருடம் கம்பளியை எடுத்து அண்டாவில் சுற்றக்கூடச் சுற்றினேன். அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமே, யாரோடு கோபித்துக்கொண்டு போவது? வீட்டில் ஆள் இருந்தால்தானே கோபித்துக்கொள்ள முடியும். கம்பளியை மடித்து வைத்துவிட்டேன். அதில் கொஞ்சம் உங்கள் வாடை இருக்கிறது. அதனால் துவைப்பதும் இல்லை. அழுக்குப் பிடித்தவள் என்று திட்டுங்கள்.

போகாதீர்கள் என்று அன்று சொல்லாதவள், வாருங்கள் என்று இன்று எழுத மாட்டேன். அந்த நீலச் சட்டைக்காரருக்கு அங்கே நாற்பது நகரங்கள் இருக்கின்றன. நான் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் பதினெட்டு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மால்ட்டைப் பொடித்து, பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றி, மூடி, நம் கம்பளியைச் சுற்றுவேன். கடையைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அவளிடம் சொல்லிவிட்டேன். போனை அணைத்துவிடுவேன், வழக்கம்தானே. இருபதாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவேன். கூட்டத்திடமும் சொல்லியாயிற்று. அன்று சாயங்காலம் குடிக்க எதுவும் கிடைக்காது, கொதித்து நுரைத்துத் தெளிய ஆறு வாரம் ஆகும் என்று தெரிந்தும் எல்லாரும் வருகிறார்களாம். நுரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். கவிழ்த்த கிளாஸை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.

இரண்டு நாளைக்கு மேல் அதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை தாண்டினால் வாடை மாறிவிடும். அப்புறம் அது எதற்கும் உதவாது, தரையில் ஊற்றிக் கழுவ வேண்டியதுதான். ஆனால் மூடியைத் திறப்பது என் வேலை இல்லை. நாற்பத்தொரு தடவை நான் திறந்ததில்லை, இந்தத் தடவையும் திறக்க மாட்டேன். ருசி பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு நான் சரியாக ஒன்பதுக்கு வந்துவிடுவேன்.

கடைச் சாவி உங்கள் கொத்தில் இருக்கிறது. பித்தளைச் சாவி, தலையில் சிவப்பு நூல் கட்டியது. பூட்டு கொஞ்சம் இறுகியிருக்கிறது, இடது பக்கமாக அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். பூட்ஸ் கதவுக்குப் பின்னால் இருக்கும். நுனியில் திணித்திருக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக இருங்கள்.

கம்பளியைப் பிரிக்கும்போது மட்டும் கவனம். இரண்டு நாள் ஆனாலும் மூடி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மெதுவாகத் திறங்கள்.

உங்கள்,
அக்கா வீட்டில் இருக்கப்போகிறவள்